முழுப் பக்கமும் வேணாம், ஒரு துண்டு போதும்

கேள்வி என்னமோ சின்னதுதான் மக்களே. ஒரு வலைப்பக்கம் ஏற்கனவே உலாவியில திறந்திருக்கு. அதுல ஓடுற ஜாவாஸ்கிரிப்ட், சத்தம் போடாம பின்பக்கமா சர்வர்கிட்ட போய் இன்னொரு பக்கத்தைக் கேக்குது. அந்தப் பக்கத்தோட மொத்த எச்.டி.எம்.எல்.லும் பதிலா வந்து விழுது. நமக்கு வேண்டியது அதுக்குள்ள இருக்கிற ஒரே ஒரு கட்டம். உதாரணத்துக்கு, ஆபீஸ் இன்ட்ராநெட்ல கேன்டீன்காரர் போட்டு வெச்சிருக்கிற வாராந்திர மெனுன்னு வெச்சுக்கோங்க. இன்னிக்கு மதியம் புளிசாதமா லெமன் சாதமாங்கற ஒரு வரி மட்டும் நம்ம முகப்புப் பக்கத்துல தெரியணும். அவ்ளோதான் மேட்டர்.

இதை இப்ப மூணு வரியில முடிச்சிடலாம். நான் பொட்டி தட்டுற இடத்துல புதுசா சேர்ந்த ஒரு தம்பி அப்படித்தான் முடிச்சான். அதே வேலைக்குப் பழைய நிரல்ல எண்பது வரி கிடந்துச்சு: காலியா ஒரு டிவ், மறைச்சு வெச்ச ஐஃப்ரேம், பார்த்தாலே தலை சுத்துற ரெகுலர் எக்ஸ்பிரஷன் இத்யாதி இத்யாதி. "அண்ணா, இதை எழுதினவருக்கு என்ன ஆச்சு?"ன்னு கேட்டான். அவருக்கு ஒண்ணும் ஆகலை தம்பி. அவர் எழுதின காலத்துல கதவே கிடையாது, சுவர் ஏறித்தான் குதிக்கணும்.

அந்தச் சுவர் ஏறின கதைதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். டீ எடுத்துக்கிட்டு உக்காருங்க :-)

முதல்ல வண்டியோட பேரைப் பாருங்க. எக்ஸ்.எம்.எல்.எச்.டி.டி.பி.ரெக்வெஸ்ட். (மூச்சு வாங்குது, இனிமே எக்ஸ்.எச்.ஆர்.) உலகத்துல முக்காவாசிப் பேர் இதை வெச்சு எக்ஸ்.எம்.எல். எதையும் கொண்டு வந்ததே இல்ல. அப்புறம் ஏன் அந்தப் பேரு?

மைக்ரோசாஃப்ட்ல எக்ஸ்சேஞ்ச் 2000 தயாராகிட்டு இருந்த நேரம். உலாவியிலேயே மெயில் படிக்கிற அவுட்லுக் வெப் ஆக்சஸ், ஒவ்வொரு தட்டலுக்கும் முழுப் பக்கமும் திரும்ப ஏறாம ஓடணும்னு அந்த டீம் நினைச்சுது. அதுல இருந்த அலெக்ஸ் ஹாப்மன், உலாவிக்குள்ள இருந்து சர்வரோட பேசுற ஒரு சின்னப் பொருளை எழுதினார். இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5 அப்ப வெளியீட்டுக்குத் தயாரா வாசல்ல நிக்குது. அந்த நேரத்துல புதுசா ஒண்ணை உள்ள நுழைக்கறது லேசுப்பட்ட காரியமா? எம்.எஸ்.எக்ஸ்.எம்.எல்.ங்கற எக்ஸ்.எம்.எல். நூலகம் ஏற்கனவே உலாவியோட போகப் போகுது. அதோட சேர்த்து இதையும் ஏத்தி விட்டாங்க. அந்த வண்டியில ஏறணும்னா பேர்ல எக்ஸ்.எம்.எல். இருக்கணும், அதான் ஒட்டிக்கிச்சு. இதை ஹாப்மனே பிற்பாடு எழுதியிருக்கார். 1999 மார்ச்சில ஐ.இ. 5 வெளிவந்துச்சு. கல்யாண வேன்ல இடம் பிடிக்க மாப்பிள்ளை வீட்டுச் சொந்தம்னு சொல்லி ஏறின கதைதான்.

சிரிப்பா இருந்தாலும் இந்தப் பேரோட விளைவு சின்னதில்ல. வர்ற பதிலை அந்தப் பொருள் ரெண்டு விதமாத் தரும். ஒண்ணு ரெஸ்பான்ஸ்-டெக்ஸ்ட்: வெறும் எழுத்துச் சரம். இன்னொண்ணு ரெஸ்பான்ஸ்-எக்ஸ்.எம்.எல்.: அலசிப் பிரிச்சு, கிளை கிளையா நடந்து போய் எடுக்கிற மாதிரி மரமாவே தர்றது. வந்தது எக்ஸ்.எம்.எல்.லா இருந்தா உங்களுக்கு மரம். எச்.டி.எம்.எல்.லா இருந்தா வெறும் சரம், நீயே பார்த்துக்கோ.

இந்த இடத்துல கொஞ்சம் நிக்கணும். உலாவிங்கற சாமான் எதுக்கு இருக்கு? எச்.டி.எம்.எல்.லைப் படிச்சு மரமாக்கத்தான். மூடாத டேக், தப்பா மூடின டேக், மேற்கோள் குறி விட்டுப்போன பண்பு, எதைக் கொடுத்தாலும் சமாளிச்சு ஏதோ ஒரு மரத்தைக் கட்டிடும். அப்படி ஒரு எந்திரம் நம்ம நிரல் ஓடுற அதே வீட்டுக்குள்ளதான் இருக்கு. ஆனா நம்ம நிரல் அதுகிட்ட "இந்தச் சரத்தைக் கொஞ்சம் பிரிச்சுக் குடு சாமி"ன்னு கேக்க வழி இல்ல. சமையக்கட்டுல கிரைண்டர் ஓடிக்கிட்டு இருக்கு, நாம திண்ணையில உக்காந்து கையால மாவு ஆட்டணும். கிட்டத்தட்ட பதிமூணு வருஷம் இதுதான் நிலைமை.

"அப்ப கேன்டீன் மெனுவை ஒழுங்கா எக்ஸ்.எச்.டி.எம்.எல்.லா எழுதச் சொல்லிட்டா?"ன்னு கேக்கலாம். அந்தக் காலத்துப் பெரியவங்களும் அதைத்தான் சொன்னாங்க. 1998 பிப்ரவரியில வந்த எக்ஸ்.எம்.எல். 1.0-வோட சட்டம் ரொம்பக் கறார்: இலக்கணத்துல ஒரு பிழை இருந்தாலும் அங்கேயே நிறுத்திடணும், மேல அலசக் கூடாது. ஒரு வரியை உடைக்கிற டேக்கை மூடாம விட்டா மொத்தப் பக்கமும் காலி. இடைவெளிக்கு எல்லாரும் போடுற அந்த என்.பி.எஸ்.பி. இருக்கே, அது எச்.டி.எம்.எல்.லுக்குத்தான் சொந்தம். தனியா அறிவிக்காம எக்ஸ்.எம்.எல்.ல போட்டா அதுவும் பிழை. சரி, எல்லாத்தையும் ஒழுங்கா எழுதி, டெக்ஸ்ட்-எக்ஸ்.எம்.எல்.னு தலைப்பும் சரியா அனுப்பியாச்சுன்னே வெச்சுக்கோங்க. அப்பவும் ஐ.இ.ல வர்ற மரம் எம்.எஸ்.எக்ஸ்.எம்.எல்.லோட மரம். உலாவி தன் பக்கங்களுக்குக் கட்டுற மரத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே கிடையாது. ஐ.டி. வெச்சுத் தேடுற வழக்கமான வழி அதுல இல்ல. கஷ்டப்பட்டு எடுத்த கிளையை நம்ம பக்கத்துல நட்டா ஒட்டாது.

கேன்டீன்காரர் இதையெல்லாம் கேட்டா, சோத்தைப் போடறதை நிறுத்திட்டுப் போயிடுவார்.

ஆக, சுவர் ஏறின வழிகள்.

ஐஃப்ரேம் வழிதான் மூத்தது, எக்ஸ்.எச்.ஆர். வர்றதுக்கு முன்னாடியே இருந்தது. பூஜ்ய அகலம், பூஜ்ய உயரத்துல ஒரு ஐஃப்ரேமை ஒளிச்சு வெச்சு, மெனு பக்கத்தை அதுல ஏத்து. ஏறினதும் உள்ள கைய விட்டு வேண்டிய கட்டத்தை எடு. உலாவியோட நிஜ அலசியே வேலை செய்யறதால மரம் சுத்தமா இருக்கும். ஆனா அந்தப் பக்கம் உண்மையிலேயே உயிரோட ஏறுதே! அதுல இருக்கிற ஸ்கிரிப்ட் எல்லாம் ஓடும், படம் எல்லாம் இறங்கும், பின்செல்லும் பட்டனோட வரலாறு குழம்பும். ஐ.இ.ல ஒவ்வொரு தடவையும் "டிக்"னு ஒரு சத்தம் வேற. திருடன் சலங்கை கட்டிக்கிட்டுப் போன மாதிரி.

ரெண்டாவது, சரத்தைச் சரமாவே வெட்டறது. "இந்த எழுத்து எங்க ஆரம்பிக்குது, அந்த எழுத்து எங்க முடியுது, நடுவுல இருக்கறதைக் குடு." நாளைக்கே கேன்டீன்காரர் டிவ்வுக்குள்ள இன்னொரு டிவ் போட்டார்னா எந்த மூடும் டேக் எதோட ஜோடின்னு ரெகுலர் எக்ஸ்பிரஷனுக்குத் தெரியாது. ஆனாலும் எழுதினோம், இன்னிக்கும் எழுதறாங்க. அவசரத்துக்குக் கைவசம் இருக்கிற ஆயுதம் அதுதானே.

மூணாவதுதான் சுவாரஸ்யமானது. 1997-ல ஐ.இ. 4-ஓட இன்னர்-எச்.டி.எம்.எல்.னு ஒரு பண்பு வந்துச்சு. எந்தத் தரத்துலயும் கிடையாது. 1998-ல டபிள்யூ3சி வெளியிட்ட டாம் முதல் நிலையில தேடினாலும் கிடைக்காது. ஆனா வசதியோ வசதி. ஒரு உறுப்புக்குள்ள சரத்தைப் போட்டா உலாவியே அலசி மரமாக்கிடும். மொசில்லாக்காரங்களும் வேற வழியில்லாம சேர்த்துக்கிட்டாங்க. சுவர்ல இருந்த ஓட்டை இதுதான்! பக்கத்துல எங்கயும் ஒட்டாத ஒரு காலி டிவ்வை உருவாக்கு, வந்த சரத்தை அதுக்குள்ள கொட்டு, மரம் ரெடி. எண்பது வரிக்குள்ள கிடந்த அந்தக் காலி டிவ் இதுதான்.

ஓட்டை வழியாப் போனா சட்டை கிழியாமலா இருக்கும்? முழுப் பக்கத்தையும் டிவ்வுக்குள்ள கொட்டினா எச்.டி.எம்.எல்., ஹெட், பாடி மூணு டேக்கும் மாயமாகிடும். ஐ.டி. வெச்சுத் தேடற வசதி முழு ஆவணத்துக்குத்தான் உண்டு, ஒட்டாத டிவ்வுக்கு இல்ல. அதனால டேக் பேரை வெச்சு எல்லாத்தையும் வரிசையா எடுத்து, ஒவ்வொண்ணா "நீயா? நீயா?"ன்னு கேட்டுக்கிட்டே போகணும். ஸ்கிரிப்ட் டேக் ஓடாது, ஆனா படங்கள் உடனே இறங்க ஆரம்பிச்சிடும். டிவ் பக்கத்துல ஒட்டவே இல்லைன்னாலும் சரி. அதுவும் வேற பக்கத்தோட படத்தை நம்ம பக்கத்தோட முகவரியை வெச்சுத் தேடும், பாதி நேரம் 404. இதெல்லாம் எரிச்சல்தான். நிஜமான ஆபத்து வேற: படம் கிடைக்கலைன்னா இதைச் செய்னு படத்தோட டேக்ல எழுதியிருந்தா அந்த நிரல் ஓடிடும். அதாவது "நான் சும்மா படிக்கத்தான் போறேன்"னு கொட்டின சரம், நம்ம பக்கத்தோட அதிகாரத்துல நிரல் ஓட்டும்.

இதுக்கு நடுவுல 2004, 2005 வந்துச்சு. 2004 ஏப்ரல்ல ஜிமெயில், டிசம்பர்ல கூகுள் சஜஸ்ட், 2005 பிப்ரவரியில கூகுள் மேப்ஸ். அதே பிப்ரவரி 18-ஆம் தேதி ஜெஸ்ஸி ஜேம்ஸ் காரெட் ஒரு கட்டுரையில இந்த மொத்த வித்தைக்கும் அஜாக்ஸ்னு பேர் வெச்சார். அந்தப் பேரோட கடைசி எழுத்தும் எக்ஸ்.எம்.எல்.தான்! கூகுள் சஜஸ்ட் அனுப்பினது எக்ஸ்.எம்.எல்.லே இல்ல, ஒரு துண்டு ஜாவாஸ்கிரிப்ட். பேர் வைக்கறவங்களுக்கும் பிள்ளைக்கும் சம்பந்தமில்லாமப் போறது கணினி உலகத்துல சகஜம் போல. சர்வரே துண்டு எச்.டி.எம்.எல். செஞ்சு அனுப்பி, அதை அப்படியே இன்னர்-எச்.டி.எம்.எல்.ல போடற வழிக்கு அஹான்னு ஒரு பேரும் இருந்துச்சு, கேட்டா நம்ப மாட்டீங்க. சர்வர் நம்ம கையில இருந்தா அஹாவே போதும். கேன்டீன்காரர் கையில இருந்தா நாமதான் பிச்சு எடுக்கணும்.

பிச்சு எடுக்கறதோட சக்தியை ஊருக்கே காட்டினது ரெண்டு விஷயம்.

முதலாவது கிரீஸ்மங்கி. 2004 கடைசியில ஏரன் பூட்மன் எழுதின ஃபயர்பாக்ஸ் நீட்சி. நாம எழுதின நிரலை மத்தவங்க தளத்துல ஓட்டலாம், அதுலேர்ந்து எந்த சர்வரை வேணும்னாலும் பின்னணியில கேக்கலாம். சாதா எக்ஸ்.எச்.ஆர்.க்கு அப்ப அந்த அனுமதி இல்ல, பக்கம் எந்தத் தளத்துலேர்ந்து வந்துச்சோ அங்கதான் பேச முடிஞ்சுது. ஒரு புத்தகக் கடை பக்கத்துல நிக்கும்போதே மத்த கடைகளோட விலையும் பக்கத்துல தெரியற புக் பர்ரோ மாதிரி ஸ்கிரிப்டெல்லாம் அப்ப வந்ததுதான். ஜாலியாப் போய்க்கிட்டு இருந்துச்சு. 2005 ஜூலையில, கெட்ட எண்ணம் கொண்ட பக்கம் அந்தச் சிறப்பு அனுமதியைத் தானே எடுத்துக்கிட்டு பயனரோட கணினிக் கோப்புகளைக் கூடப் படிக்கலாம்னு தெரியவந்தது. மார்க் பில்கிரிம் சொன்னார், அவசரமா அடைச்சாங்க.

ரெண்டாவது சாமி. நம்ம சாமி இல்லைங்க, சாமி கம்கார். 2005 அக்டோபர் 4. இந்தக் கதையைக் கொஞ்சம் விரிவாவே சொல்றேன், ஏன்னா நம்ம தலைப்புக்கு இதைவிடப் பொருத்தமான சம்பவம் கிடைக்காது.

மைஸ்பேஸ்ல அவனவன் பக்கத்தை அவனவன் எச்.டி.எம்.எல். போட்டு அலங்கரிக்கலாம். ஸ்கிரிப்ட் டேக்கை வடிகட்டிடுவாங்க. ஜாவாஸ்கிரிப்டுங்கற வார்த்தையையே வெட்டிடுவாங்க. பத்தொம்பது வயசு சாமி அந்த வார்த்தையை நடுவுல ஒரு வரி உடைச்சு, பின்னணிப் படத்தோட முகவரிங்கற பேர்ல ஸ்டைலுக்குள்ள வெச்சார். வடிகட்டிக்குத் தெரியல, சில உலாவிகள் தாராளமா ஓட்டுச்சு. இன்னர்-எச்.டி.எம்.எல்.ங்கற பேரையும் வடிகட்டி வெட்டும். அதனால பேரை ரெண்டு துண்டா எழுதி ஓடும்போது ஒட்ட வெச்சார். இதுவரைக்கும் பூட்டு உடைச்ச கதை.

இப்பத்தான் நம்ம மேட்டர். யாராவது சாமியோட பக்கத்தைப் பார்த்தா, அவங்க பேர்ல சாமியை நண்பராச் சேர்க்கணும். அந்தப் படிவத்தை அனுப்பணும்னா மைஸ்பேஸ் அதுல ஒளிச்சு வெச்சிருக்கிற ஒரு தற்செயல் குறியீடும் கூடவே போகணும். வெளியாள் யாரும் அந்தப் படிவத்தைக் கள்ளத்தனமா அனுப்பிடக் கூடாதுன்னுதான் அந்தக் குறியீடு. சாமியோட நிரல் என்ன பண்ணுச்சு? எக்ஸ்.எச்.ஆர். வெச்சு முதல்ல அந்தப் படிவப் பக்கத்தைக் கேட்டுச்சு. வந்த எச்.டி.எம்.எல்.ல குறியீடு எங்க இருக்குன்னு சரமாவே தேடி, வெட்டி எடுத்துச்சு. அதைச் சேர்த்து வெச்சு அனுப்புச்சு. அதே மாதிரி அவங்க சொந்தப் பக்கத்தைக் கேட்டு, அதுலேர்ந்து நாயகர்கள் பட்டியலைப் பிச்சு, அதுல சாமியும் நாயகன்னு ஒரு வரியையும் தன்னையே நகலெடுத்த நிரலையும் சேர்த்து, திரும்ப ஒட்டுச்சு. இப்ப அவங்க பக்கத்தைப் பார்க்கறவங்களுக்கும் இதே கதி.

இருபது மணி நேரத்துக்குள்ள பத்து லட்சத்துக்கும் மேல நண்பர் கோரிக்கை. மைஸ்பேஸ் தளத்தையே கொஞ்ச நேரம் மூடினாங்க. 2007-ல சாமி நீதிமன்றத்துல குற்றத்தை ஒத்துக்கிட்டார். மூணு வருஷம் நன்னடத்தைக் கண்காணிப்பு, தொண்ணூறு நாள் சமூகசேவை. அப்புறம் அவரே பேர் சொல்ற பாதுகாப்பு ஆய்வாளர் ஆனது வேற கதை.

நான் கவனிச்சது ஒண்ணுதான். அந்த நிரல்ல அலசியே கிடையாது. மரம், கிளை எதுவும் இல்ல. வெறும் "எங்க ஆரம்பம், எங்க முடிவு" வெட்டல். கெட்ட காரியத்துக்கு அது போதும். ஒரு தடவை, ஒரே ஒரு பக்கத்தோட வடிவத்துக்கு வேலை செஞ்சா சரி. நல்ல காரியத்துக்குத்தான் ஒழுங்கான அலசி தேவைப்படுது, நாளைக்கும் ஓடணுமே.

சரி, ஜேக்வெரிக்கு வருவோம். 2006 ஜனவரியில நியூயார்க் பார்கேம்ப்ல ஜான் ரெசிக் அறிமுகப்படுத்தினார், ஆகஸ்ட்ல 1.0. சி.எஸ்.எஸ். தேர்வியை வெச்சே உறுப்பைத் தேடற யோசனை அவருக்கு முன்னாடியே உண்டு, சைமன் வில்லிசன் 2003-லயே ஒரு நிரல் எழுதியிருந்தார். ஆனா அதைக் குழந்தைக்கும் புரியற மாதிரி ஆக்கினது ஜேக்வெரி. 2007 செப்டம்பர்ல வந்த 1.2-ல லோட்னு ஏற்கனவே இருந்த கட்டளைக்கு ஒரு புது வித்தை சேர்ந்துச்சு. முகவரியை எழுதி, ஒரு இடைவெளி விட்டு, பக்கத்துலயே தேர்வியை எழுதினா போதும். பக்கத்தைக் கொண்டு வந்து, அந்தத் துண்டை மட்டும் பிச்சு, இங்க ஒட்டிடும். கேன்டீன் மெனு ஒரே வரி! பார்த்தவங்க எல்லாம் கை தட்டினாங்க.

நான் வேலைக்குச் சேர்ந்த புதுசுல ஒரு ராத்திரி ஆணி எதுவும் இல்லாத நேரத்துல அதோட மூல நிரலைத் திறந்து பார்த்தேன். உள்ள என்ன இருக்குங்கறீங்க? காலி டிவ்! அதேதான். ஒரு டம்மி டிவ்வை உருவாக்கு, ஸ்கிரிப்ட் டேக்கையெல்லாம் ரெகுலர் எக்ஸ்பிரஷனால வழிச்சு எடு, மிச்சத்தை உள்ள கொட்டு, தேடு. ஓட்டைக்கு நிலைப்படி வெச்சு, தோரணம் கட்டி, "வாசல்"னு போர்டு மாட்டியிருந்தாங்க. கிண்டல் பண்ணல, அந்த நேரத்துல அதைவிட யாராலும் செய்ய முடியாது. ஆனா ஓட்டையோட குணம் போகல. வந்த பக்கத்தைத் தானே ஜேக்வெரிக்குக் கொடுத்து, மேல்மட்டத்துல இருக்கிற உறுப்பை "உள்ளே தேடு"ன்னு தேடி, "இருக்கே, ஏன் கிடைக்கலை?"ன்னு தலையைப் பிச்சுக்கிட்டவங்க ஏராளம். பாடி டேக் கரைஞ்சு போனதால அந்த உறுப்பே உச்சியில உக்காந்திருக்கும், அதுக்கு "உள்ளே" தேடினா அது எப்படிக் கிடைக்கும்? 2016 ஜூன்ல வந்த 3.0-லதான், சரத்தை அலசித் தர்ற கட்டளை நம்ம பக்கத்தோட ஒட்டாத தனி ஆவணத்துல வெச்சு அலச ஆரம்பிச்சுது.

அப்ப நிஜக் கதவை யார் வெச்சாங்க? இந்தக் கதையில எனக்குப் பிடிச்ச ஆளுங்க இங்கதான் வர்றாங்க. அஜாக்ஸ் வரலாறுன்னு எழுதறவங்க பலபேர் இவங்களை மறந்துடுவாங்க.

உலாவி ஒவ்வொண்ணும் ஓட்டை எச்.டி.எம்.எல்.லைச் சமாளிக்கும்னு சொன்னேன் இல்லையா. எப்படிச் சமாளிக்கணும்னு எங்கயும் எழுதி வைக்கல. 1999 டிசம்பர்ல வந்த எச்.டி.எம்.எல். 4.01, சரியான பக்கம் எப்படி இருக்கணும்னு சொல்லுச்சு. தப்பான பக்கத்தை என்ன செய்யறதுங்கறதை உலாவிக்காரங்க தலையெழுத்துன்னு விட்டுச்சு. 2002-ல இயன் ஹிக்சன் ஒரு சின்னச் சோதனை பண்ணி எழுதினார். தடிமன் டேக்கைத் திற, அதுக்குள்ள சாய்வு டேக்கைத் திற, இப்ப தடிமனை முதல்ல மூடிட்டு அப்புறம் சாய்வை மூடு. என்ன மரம் வரும்? உலாவிக்கு உலாவி வேற வேற மரம். ஐ.இ.ல வந்தது மரமே இல்ல. அப்பா ஒரு பிள்ளையைக் காட்டி "என் பிள்ளை"ங்கறார், பிள்ளை வேற ஒருத்தரைக் காட்டி "அவர்தான் என் அப்பா"ங்குது. சீரியல் மாதிரி.

இந்த நிலைமையில "சரத்தைப் பிரிச்சுக் கொடு"ன்னு ஒரு பொதுக் கதவு வெச்சு என்ன பிரயோஜனம்? ஒரு உலாவியில மெனு கட்டம் அட்டவணைக்குள்ள இருக்கும், இன்னொண்ணுல வெளிய கிடக்கும்.

2004 ஜூன்ல சான் ஹோசேல டபிள்யூ3சி ஒரு பட்டறை நடத்துச்சு. இருக்கிற எச்.டி.எம்.எல்.லையே வளர்க்கலாம்னு மொசில்லாவும் ஓப்ராவும் சொன்னாங்க. கை தூக்கச் சொன்னதுல ஆதரவை விட எதிர்ப்புதான் அதிகம். தோத்தவங்க ரெண்டு நாள்ல வாட்விஜி-ன்னு தனிக்குழுவை அறிவிச்சாங்க. எதிர்த்தவங்களை நான் முட்டாள்னு சொல்ல மாட்டேன். எல்லாரும் சுத்தமா எழுதினா அலசி எளிமையாகும், சின்னக் கருவியிலயும் ஓடும், இந்தப் பதிவுக்கே அவசியம் இருக்காது. ஆனா யாரோட செலவுல அந்தச் சுத்தம்? வலையில எழுதினதுல முக்காவாசிப் பேர் நிரலர்கள் இல்ல. பள்ளிக்கூட வாத்தியார், கோயில் திருவிழா நோட்டீஸ் போட்டவர், நம்ம கேன்டீன்காரர். அவங்க பக்கத்துக்குப் பதிலா மஞ்சக் கலர் பிழைச்செய்தி காட்டணும்ங்கற சட்டத்துக்கு என் ஓட்டு கிடையாது. டபிள்யூ3சி-யும் 2009-ல எக்ஸ்.எச்.டி.எம்.எல். 2 வேலையைக் கைவிட்டுச்சு.

அதுக்குள்ள ஹிக்சன் மத்த உலாவிகள் என்ன பண்ணுதுன்னு நோண்டி நோண்டிப் பார்த்து, எந்தக் குப்பையைக் கொடுத்தாலும் எந்த மரம் வரணும்னு எழுத்துக்கு எழுத்து எழுதி வெச்சார். படிச்சா ஒரு பக்கம் தூக்கம் வரும், ஒரு பக்கம் சிரிப்பு வரும். அந்தத் தடிமன்-சாய்வு சிக்கலைத் தீர்க்கிற முறைக்கு "தத்தெடுப்பு நிலையம்"னு பேர், உறுப்புகளுக்கு அப்பா அம்மா மாறறதால. ஒரே மாதிரி அலங்கார டேக் எத்தனை நினைவு வெச்சுக்கலாம்ங்கற விதிக்கு "நோவாவின் பேழை", ரெண்டுக்குப் பதில் மூணு மூணா ஏத்தற பேழை.

அதை ஃபயர்பாக்ஸுக்குக் கொண்டு வந்தவர் ஃபின்லாந்துக்காரர் ஹென்ரி சிவோனன். ஜாவாவுல ஒரு அலசி எழுதி, அதை எந்திரத்தை விட்டே சி++ ஆக மாத்தி, 2011 மார்ச்சில ஃபயர்பாக்ஸ் 4-ல ஏத்தினார். அடுத்த வருஷம் கதவு திறந்தது. 2012 மார்ச்சில ஃபயர்பாக்ஸ் 11: எக்ஸ்.எச்.ஆர்.கிட்ட "எனக்கு ஆவணமா வேணும்"னு முன்கூட்டியே சொல்லிட்டா எச்.டி.எம்.எல்.லையும் மரமாவே தரும். அந்த மரம் எந்தப் பண்புல வந்து உக்காருது? ரெஸ்பான்ஸ்-எக்ஸ்.எம்.எல்.! பதிமூணு வருஷம் கழிச்சு, எக்ஸ்.எம்.எல். பேர் போட்ட நாற்காலியில எச்.டி.எம்.எல். :-) அடுத்த மாசமே ஃபயர்பாக்ஸ் 12-ல, அதுவரைக்கும் எக்ஸ்.எம்.எல்.லை மட்டும் அலசிக்கிட்டிருந்த டாம்பார்சர் எச்.டி.எம்.எல்.லையும் அலச ஆரம்பிச்சுது. மத்த உலாவிகளும் சில வருஷத்துல வந்து சேர்ந்தாங்க.

இந்த மரம் உயிரில்லாத மரம், அதான் விசேஷம். ஸ்கிரிப்ட் ஓடாது, படம் இறங்காது, படம் கிடைக்காட்டி ஓடுற நிரலும் ஓடாது. பாடி, ஹெட் எல்லாம் அதது இடத்துல இருக்கும், ஐ.டி. வெச்சுத் தேடலாம். எக்ஸ்.எச்.ஆர். தர்ற ஆவணத்துக்குத் தன் சொந்த முகவரியும் தெரியும், அதனால அதுக்குள்ள இருக்கிற உறவு முகவரிகள் சரியா விரியும். டாம்பார்சர் வழியா வந்தா நம்ம பக்கத்து முகவரியைத்தான் எடுத்துக்கும், அதை மட்டும் பார்த்துக்கணும். இன்னொண்ணு: அந்த உயிரில்லாத மரத்துலேர்ந்து கிளையை வெட்டி நம்ம பக்கத்துல நட்டா அதுக்கு உயிர் வந்துடும், பதுங்கியிருந்த நிகழ்வு நிரல்களும் முழிச்சுக்கும். அதனால கேன்டீன் மெனுவுல எனக்குப் புளிசாதம்ங்கற எழுத்து மட்டும் போதும், கட்டத்தைத் தூக்கிட்டு வர மாட்டேன்.

இதுக்கப்புறம் நடந்ததை வேகமாச் சொல்லிடறேன். 2011-ல கிட்ஹப்காரர் கிறிஸ் வான்ஸ்ட்ராத்தோட பிஜாக்ஸ், பிறகு ரெயில்ஸோட டர்போலிங்க்ஸ், 2020-ல எச்.டி.எம்.எக்ஸ். எல்லாத்துக்கும் அடிப்படை இதே வித்தை: பின்னணியில முழு எச்.டி.எம்.எல். கேளு, துண்டை எடு, இங்க மாத்து. நடுவுல ஜேசன் அலை வந்து "சர்வர்லேர்ந்து எச்.டி.எம்.எல்.லா? சீச்சீ"ன்னு சொன்ன காலமும் ஒண்ணு இருந்துச்சு. அதுவும் தணிஞ்சிடுச்சு.

2015-ல எக்ஸ்.எச்.ஆர்.க்கு மாற்றா ஃபெட்ச் வந்துச்சு, குரோம் 42-ல ஏப்ரல்ல, ஃபயர்பாக்ஸ் 39-ல ஜூலையில. பேர் சின்னது, எழுத அழகு. வந்த பதிலை எழுத்தாத் தரும், ஜேசனாத் தரும், பைட்டுகளாத் தரும். ஆவணமாத் தராது! சிவோனன் எக்ஸ்.எச்.ஆர்.ல வெச்ச கதவு இதுல இல்ல. அதனால அந்தத் தம்பி எழுதின மூணு வரி எதுன்னா: ஃபெட்ச் பண்ணி எழுத்தா வாங்கு, டாம்பார்சர்கிட்ட கொடு, தேர்வியை வெச்சுத் தேடு.

பி.கு: தமிழ்ப் பக்கங்களைப் பிச்சு எடுக்கறவங்களுக்கு ஒரு தகவல். யூனிகோடுக்கு முந்தின திஸ்கி மாதிரி குறியாக்கத்துல எழுதின பழைய பக்கங்கள்ல "எக்ஸ்-யூசர்-டிஃபைண்ட்"னு ஒரு எழுத்துத் தொகுதிப் பேரை மெட்டா டேக்ல போட்டிருப்பாங்க. எக்ஸ்.எச்.ஆர்.ல ரெஸ்பான்ஸ்-டெக்ஸ்டா வாங்கினா மெட்டா டேக்கை அது பார்க்கவே பார்க்காது. சர்வர் தலைப்புல எதுவும் சொல்லலைன்னா யூ.டி.எஃப்-8னு நினைச்சு மொத்தத்தையும் குதறிடும். ஆவணமா வாங்கினா மெட்டாவைப் பார்க்கும், ஆனா அங்க இந்தப் பேர் இருந்தா விண்டோஸ்-1252னு எடுத்துக்கணும்னு எச்.டி.எம்.எல். விதியிலயே தனியா ஒரு வரி இருக்கு. பைட்டுகள் அப்படியே வேணும்னா, வர்ற பதிலோட எழுத்துத் தொகுதி எக்ஸ்-யூசர்-டிஃபைண்ட்னு எக்ஸ்.எச்.ஆர்.கிட்டயே சொல்லி எழுத்தா வாங்கிடலாம். ஒவ்வொரு எழுத்தோட கடைசி எட்டு பிட்டை எடுத்தா மூல பைட் கிடைச்சிடும். படக் கோப்புகளை எக்ஸ்.எச்.ஆர்.ல கொண்டு வர ஒரு காலத்துல எல்லாரும் பண்ணின வித்தை அது. அங்கேர்ந்து யூனிகோடுக்கு மாத்தறது உங்க பாடு.